ஆளில்லாத காகச் சரிவு

எனக்குப் பொறாமைக் குணம் உண்டு. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் தாங்களே கண்டுபிடித்த மாதிரி பேசக் கூடாது. எங்கள் ஊரில் யார் புது டிராக்டர் வாங்கினாலும் அன்று எனக்குச் சாப்பாடு இறங்காது. ஆனால் என் வாழ்நாள் பொறாமை முழுவதையும் கூட்டிப் பார்த்தால் முக்கால்வாசி என் மச்சான் ஊர்பானுக்குத்தான் போய்ச் சேரும்.

ஊர்பான் என் மனைவி சொலாஞ்சின் அண்ணன். எல்லை முகட்டுக்கு அந்தப் பக்கம், ஸ்விட்சர்லாந்தில் இருக்கிறான். நான் இந்தப் பக்கம், பிரான்சில். இருவருக்கும் ஒரே வேலை. காலையில் பனிச்சறுக்கு ஆட்கள் வருவதற்கு முன்னால் மலையேறுவோம். எந்தச் சரிவில் பனி விழத் தயாராக இருக்கிறதோ அங்கே வெடி வைத்து, ஆளில்லாத நேரத்திலேயே அதை விழ வைப்போம். ஒரே மலை, ஒரே பனி, ஒரே வெடி. ஆனால் அவன் வேலைக்குப் போடும் கையுறை, நான் கல்யாணத்துக்குப் போட்டிருந்த கோட்டைவிட உசத்தி.

அந்தக் குளிர்காலத்தில் பெருந்தொற்று இரண்டாம் சுற்று சுற்றிக்கொண்டிருந்தது. பாரிஸில் கூடி யோசித்தார்கள். ரோப்காரை மூடுவது, மலையைத் திறந்து வைப்பது என்று முடிவானது. திறந்த காற்றில் நாலு பேர் நாற்காலியில் தொங்கிக்கொண்டு போனால் கிருமி பரவும். அதே ஆட்கள் நானூறு பேராகச் சேர்ந்து ஒரே தடத்தில் மூச்சிரைக்க ஏறினால் பரவாது. ஸ்விஸ்காரர்களும் கூடி யோசித்தார்கள். அவர்கள் ரோப்காரை ஓடவிட்டார்கள். முகட்டின் உச்சியில் இரண்டு நாட்டு ரோப்கார் நிலையங்களும் முதுகோடு முதுகு ஒட்டி நிற்கின்றன. அங்கே வரும் கிருமி பாஸ்போர்ட்டைப் பார்த்துத்தான் ஆளைப் பிடிக்கும்போல.

எங்கள் நாற்காலிகள் கம்பியில் சும்மா தொங்கின. அந்தப் பக்கத்திலிருந்து பாட்டும் சிரிப்பும் கேட்டன. காற்று வாக்காக இருந்தால் சாசேஜ் வறுக்கும் வாசனையும் வரும். தினமும் காலையில் ஊர்பானிடமிருந்து போன் வரும்.

"மாப்ளே, எழுந்தாச்சா? நான் ஏழு வெடி வெச்சு முடிச்சிட்டேன்."

"எழுந்து என்ன கிழிக்கப் போறேன், மச்சான்?"

"அதான் கேட்டேன். நல்லா காலை நீட்டிப் படு. தூங்கறதுக்கு உங்க அரசாங்கமே சம்பளம் குடுக்குதாமே!"

அது உண்மைதான். வேலை இல்லாத எங்களை வீட்டில் உட்காரவைத்து, சம்பளத்தில் பெரும்பகுதியை அரசாங்கமே தந்தது. நிபந்தனை ஒன்றே ஒன்று: அந்தக் காலத்தில் வேலை செய்யக் கூடாது. தெரியாத்தனமாக வேலை செய்துவிட்டால் அது மோசடி. முப்பது வருஷம் உழைத்தபோது ஒரு பயல் என்னைக் கண்காணிக்கவில்லை. சும்மா இருக்க ஆரம்பித்ததும் வாரம் ஒரு முறை போன் செய்து, சும்மாதான் இருக்கிறேனா என்று விசாரித்தார்கள்.

சொலாஞ்ச் மட்டும் சும்மா இல்லை. மலையடியில் உள்ள கன்றுப் புல்வெளியின் கீழ் ஓரத்தில் அவளுக்கு ஒரு மரக் கடை இருக்கிறது. க்ரேப் என்கிற மெல்லிய மைதா தோசை சுட்டு விற்பாள். உட்கார்ந்து சாப்பிடத்தான் தடை, கையில் வாங்கிக்கொண்டு போகத் தடையில்லை. ரோப்கார் மூடியதால் லியோனிலிருந்தும் கிரெநோபிளிலிருந்தும் வந்த ஜனமெல்லாம் எங்கள் புல்வெளியில் சறுக்குவண்டியும் பிள்ளைகளுமாக இறங்கியது. ஞாயிற்றுக்கிழமைகளில் நானூறு தலைக்குக் குறையாது.

அந்தப் புல்வெளிக்கு நேர் மேலே இருக்கிறது காகச் சரிவு. மற்ற வருஷங்களில் ஒரு குளிர்காலத்துக்குள் அங்கே பதினைந்து முறையாவது வெடி வைப்பேன். அந்த வருஷம் ஒன்றுகூட வைக்கவில்லை.

ஜனவரிக் கடைசியில் மூன்று நாள் விடாமல் பனி கொட்டியது. பிறகு காற்று கிளம்பி, முகட்டுப் பனியை எல்லாம் வாரிக்கொண்டுவந்து காகச் சரிவில் சேர்த்தது. நான் பொழுதுபோக்காக மேலே போய், பொழுதுபோக்காக ஒரு குழி தோண்டிப் பார்த்தேன். அடியில் பழைய பனி சர்க்கரையாக உதிர்ந்துகொண்டிருந்தது. அதன் மேல் புதுப்பனி கனமான பலகையாக உட்கார்ந்திருந்தது. மண்வெட்டியை மேலே வைத்து ஒரு தட்டு தட்டினேன். பலகை நழுவி என் மடியில் விழுந்தது.

மறுநாளே உதவி ஆட்சியர் அலுவலகத்துக்குப் போனேன். உதவி ஆட்சியர் பெயர் அல்பெரிக் துமூலான். நாற்பது வயது, நல்ல மூக்கு, நல்ல முகக்கவசம். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இருந்தார்.

"வெடி வைக்கறது ரோப்கார் இயக்கத்தோட இணைப்பு நடவடிக்கை, திரு. மெர்மூ. மூலமே மூடியிருக்கறப்ப இணைப்பை எப்படித் திறக்க முடியும்?"

"ஐயா, பனி மூலத்தைக் கேட்டுக்கிட்டா விழுது?"

"நீங்க உணர்ச்சிவசப்படறீங்க. நவம்பர்லயே ஆணை போட்டாச்சு. ரோப்கார் மூடியிருக்கற மலைப்பகுதி மொத்தமும் 'நடமாட்டமற்ற பகுதி'. நடமாட்டமே இல்லாத இடத்துல பனி சரிஞ்சா அதுக்குப் பேரு விபத்து இல்ல, இயற்கைக் காட்சி."

"ஞாயித்துக்கிழமை அங்க நானூறு பேர் இருந்தாங்க."

"டிக்கெட் வாங்கினாங்களா?"

"ரோப்காரே ஓடலையே, எங்க டிக்கெட் வாங்கறது?"

"அப்புறம் எப்படி எண்ணினீங்க?"

"கண்ணால."

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "கண்ணுக்குப் படிவம் இல்லையே" என்றார்.

ஆனாலும் ஒரு படிவம் தந்தார். பதினோரு பக்கம். முதல் பக்கத்தில் முந்தைய நாள் விற்ற டிக்கெட் எண்ணிக்கையை எழுத வேண்டும். கடைசிப் பக்கத்தில், மலையின் ஆபத்து அளவை அந்த எண்ணிக்கையால் பெருக்க வேண்டும். ஆபத்து ஐந்துக்கு நான்கு என்று வானிலைக்காரர்கள் சொல்லியிருந்தார்கள். நான் நான்கைப் பூஜ்யத்தால் பெருக்கினேன். என் கையாலேயே காகச் சரிவு பத்திரமானது என்று நிரூபித்துக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் ஆத்திரம் தாங்காமல் ஒரு பலகையில் 'ஆபத்து, ஏறாதீர்கள்' என்று சிவப்பில் எழுதி, சரிவின் அடியில் கயிறு கட்டித் தொங்கவிட்டேன். இரண்டு மணி நேரத்தில் இரண்டு போலீஸ்காரர்கள் வந்து அவிழ்த்தார்கள். அவர்களுக்கும் அது பிடிக்கவில்லை, பாவம். பெரியவர் தலையைச் சொறிந்துகொண்டு சொன்னார்: "ஆளே இல்லாத இடத்துல 'ஏறாதீங்க'ன்னு எழுதினா, ஏற ஆள் இருக்குன்னு ஆயிடும், கஸ்பார். ஆணைக்கு விரோதம்." பின்னால் அறுபது பிள்ளைகள் ஊளையிட்டுக்கொண்டு சறுக்கின. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. உத்தரவு அப்படி.

சொலாஞ்சிடம் கடையை மூடச் சொன்னேன்.

"நான் மூடிட்டா இவங்க வராம இருப்பாங்களா?"

"நீயாவது தப்பிப்பே."

"மூணாவது மரத்துக்கு மேல போகாதீங்கன்னு இந்தக் கூட்டத்துக்கு யாரு கத்துறா? நான்தான். க்ரேப் வேணும்னா கீழ இருங்கன்னு பிடிச்சு வெச்சிருக்கேன். நான் போயிட்டா மொத்தக் கூட்டமும் சரிவு மேல ஏறிடும்." பிறகு வழக்கம்போல் சேர்த்துக்கொண்டாள்: "எங்க அண்ணனா இருந்தா இந்நேரம் ரெண்டு வெடி வெச்சுட்டு வந்து காபி குடிச்சிருப்பான்."

கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷமாக இந்த 'எங்க அண்ணனா இருந்தா' என் காதில் விழுந்துகொண்டிருக்கிறது. அண்ணன் என்றால் கூரை ஒழுகாது, அண்ணன் என்றால் வண்டி பனியில் சிக்காது. நான் நாயைக் கூட்டிக்கொண்டு வெளியே போனேன்.

அந்த வியாழக்கிழமை 'நடமாட்டமற்ற பகுதிகளின் பாதுகாப்புக்கான ஒருங்கிணைப்புக் குழு' காணொளியில் கூடியது. என் மனுவையும் எடுத்துக்கொண்டார்கள். திரையில் பதினான்கு கட்டங்கள், பதினான்கு தலைகள். ஒருவருக்கு நெற்றி மட்டும் தெரிந்தது.

சுகாதாரத் துறை முதலில் பேசியது. "வெடிச் சத்தம் கேட்டா ஜனங்க வேடிக்கை பார்க்கக் கூடுவாங்க. ஆறு பேருக்கு மேல கூடறது தடை. ஆக, எங்க பார்வையில இந்த வெடி ஒரு தொற்றுப் பரவல் நிகழ்வு."

சுற்றுலாத் துறைக்கு 'ஆபத்து' என்ற சொல்லே ஒத்துக்கொள்ளவில்லை. 'துடிப்பான பனி' என்று போடலாமா என்று கேட்டது. பனி ஆய்வு நிலையத்து அம்மா ஒருவர் மட்டும் ஆரம்பத்திலிருந்து கையை ஆட்டிப் பேசிக்கொண்டே இருந்தார். அவருக்கு ஒலி வரவில்லை. கடைசியில் ஒரு தாளில் பெரிதாக '4' என்று எழுதிக் காட்டினார். துமூலான் அவருக்கு நான்கு நிமிடம் ஒதுக்கினார். அந்த நான்கு நிமிடமும் ஒலி இல்லாமலே கழிந்தது. நன்றி சொல்லி உட்காரவைத்தார்கள்.

பிறகு துமூலான் தொண்டையைச் செருமினார்.

"இந்தச் சந்தர்ப்பத்துல நான் ஒண்ணு சொல்லணும். பக்கத்து மாவட்டத்துல போன மாசம் பனி சரிஞ்சுது. ரெண்டு உயிர். ரொம்ப வருத்தம். அமைச்சரே ஹெலிகாப்டர்ல வந்தார். அங்க இருக்கற உதவி ஆட்சியர் என்கூடப் படிச்சவன். தேர்வுல எனக்கு அடுத்து பதினோரு பேருக்கு அப்புறம்தான் அவன் பேரு. அமைச்சர் பக்கத்துல நிக்கறான், காலர்ல உரோமம் வெச்ச கோட்டு, ஏழு நிமிஷம் டிவியில பேசறான். நம்ம மாவட்டத்துல நாம ஒழுங்கா வேலை பாக்கறோம். இங்க அமைச்சர் வந்து எத்தனை வருஷம் ஆச்சு? பனி சரியணும்னு நான் சொல்லலை, அப்படிக் குறிப்புல எழுதிடாதீங்க. ஒழுங்கா இருக்கற மாவட்டத்தை யாரும் திரும்பிப் பார்க்கறதில்லையே, இது நியாயமான்னு மட்டும்தான் கேக்கறேன்."

முதல் தடவையாக எனக்கு அவரைப் பிடித்துப்போனது. மனுஷன் என் இனம்.

தீர்மானம் இதுதான்: அந்தப் பகுதியை ஆராயலாமா என்று ஆராய ஒரு துணைக்குழு பன்னிரண்டு நாள் கழித்துக் கூடும். அதுவரை காகச் சரிவின் பனி தற்போதைய நிலையிலேயே இருந்துவர வேண்டும். "இந்த உத்தரவு யாருக்கு, ஐயா? எனக்கா, பனிக்கா?" என்று கேட்டேன். என் ஒலியை அணைத்துவிட்டார்கள்.

சனிக்கிழமை பள்ளி விடுமுறை தொடங்குகிறது. வெயில் அடிக்கும் என்று வேறு சொல்லியிருந்தார்கள். நானூறு பேர் அறுநூறாவார்கள். நடுவில் சொலாஞ்ச், தோசைக்கல் மாதிரி ஒரு கல்லைப் பார்த்துக்கொண்டு, சரிவுக்கு முதுகைக் காட்டி நிற்பாள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் முழுக்கப் போனைக் கையில் வைத்துக்கொண்டு சமையலறையில் உட்கார்ந்திருந்தேன். காகச் சரிவின் விளிம்பு எல்லைக்கல்லிலிருந்து இருபதடி. அந்தக் கல்லுக்கு அப்பால் தினமும் காலையில் வெடியோடு நிற்கிறவன் ஒருவன்தான். அவனிடம் போய் நான் கேட்க வேண்டும். பல்லைப் பிடுங்கச் சொல்லியிருந்தால்கூட அதற்குள் பிடுங்கிக் கொடுத்திருப்பேன்.

"மச்சான்."

"யாரு, மாப்ளையா? நீயா கூப்பிடறே? யாரு செத்துட்டாங்க?"

"இன்னும் யாரும் சாகலை. காகச் சரிவு."

அவன் சிரிப்பு நின்றது. "எவ்வளவு?"

"விளிம்புல ஒண்ணரை ஆள் உயரம். அடியில சர்க்கரை."

"ரெண்டு தட்டுல வந்துச்சா?"

"ஒரே தட்டு. மடியில வந்து விழுந்துச்சு."

"சொலாஞ்ச் எங்க கடை போடறா?"

"அதே இடம்தான்."

"மூடச் சொல்லலையா நீ?"

"உன் தங்கச்சி நீ சொல்லி எதையாவது கேட்டிருக்காளா?"

"இல்ல" என்று ஒப்புக்கொண்டான். "சரி, கேளு."

"அதான் சொல்லிட்டேனே."

"சொன்னே. கேக்கலை. இருபத்திரண்டு வருஷமா நீ என்கிட்ட ஒரு சுத்தியல்கூட இரவல் வாங்கினதில்லை, மாப்ளே. வாயைத் தொறந்து கேளு."

"மச்சான், எனக்கு உன் உதவி வேணும்" என்றேன். சொல்லி முடிப்பதற்குள் மூக்கு அடைத்துக்கொண்டது. குரலும் ஒரு மாதிரி ஆகிவிட்டது. சளிதான்.

"அடேய், அழாதடா" என்றான் ஊர்பான். "உனக்கு ஒண்ணு சொல்லட்டுமா? முப்பத்தெட்டு நாளா நாலு மணிக்கு எழுந்து ஏறிக்கிட்டிருக்கேன். முட்டி வீங்கி இட்டிலி மாதிரி ஆயிடுச்சு. மேல நின்னு பாத்தா உன் வீட்டுச் சன்னல் இருட்டா இருக்கும். தூங்கறான்டா பாவின்னு வயிறு எரியும். அதனாலதான் தினம் உன்னைக் கூப்பிட்டு எழுப்பறேன்."

"நிஜமாவா?"

"எங்கம்மா மேல சத்தியமா."

இருபத்திரண்டு வருஷத்தில் அவன் எனக்குச் சொன்ன முதல் நல்ல வார்த்தை அது. உடம்பெல்லாம் சூடான சூப் இறங்கினதுபோல் இருந்தது.

ஏற்பாடு எளிமையானது. ஊர்பான் எல்லைக்கல்லுக்கு அந்தப் பக்கம் இரண்டு காலையும் ஊன்றி நிற்பான். வெடியைக் கயிற்றில் கட்டி, விளிம்பைத் தாண்டி எங்கள் நாட்டுக்குள் இறக்குவான். "சட்டப்படி நான் எங்கயும் வரலை. கயிறு மட்டும் கொஞ்சம் தூரம் போய் வருது" என்றான். காலை ஏழே முக்கால், வெளிச்சம் வந்ததும். கீழே ஆள் இல்லாமல் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு.

ஊரடங்கு காலை ஆறு மணி வரை. விடியும் முன்பே ஏறத் தொடங்கும் ஆட்களை மறிக்க வேண்டுமென்றால் நான் ஐந்தரைக்கே கிளம்ப வேண்டும். வெளியே போகக் காரணம் குறிக்க வேண்டிய சீட்டை எடுத்துப் பார்த்தேன். வேலை என்ற கட்டத்தில் குறி போட்டால் மோசடி. மருத்துவமனை இல்லை, நீதிமன்றம் இல்லை. வெடி வெடிக்கும் இடத்தில் ஆளை மறிப்பதற்குக் கட்டம் இல்லை. 'வளர்ப்புப் பிராணியின் தேவை' என்று ஒன்று இருந்தது. அதில் குறி போட்டேன். என் நாய் பிரதோனுக்கு உண்மையாகவே அவசரமாக இருந்ததால் அது பொய்யும் இல்லை.

புல்வெளிக்குப் போகும் பாதையில் ஒரு மேட்டின் மேல் நாயோடு காவல் நின்றேன். ஏழு இருபதுக்கு லியோன்காரர் ஒருவர் நெற்றி விளக்கோடு, பளபளவென்ற சறுக்குப்பலகைகளோடு வந்தார்.

"இங்க ஏறக் கூடாது, சார்."

"ஏன்? மலை திறந்துதான் இருக்குன்னு டிவியில சொன்னாங்களே."

"இது நடமாட்டமற்ற பகுதி."

"நான் நடமாடிக்கிட்டுத்தானே இருக்கேன்?"

"நீங்க இல்ல, சார். ஆணையைப் படிச்சுப் பாருங்க."

அவர் ஆணையைப் போனில் தேடிக்கொண்டிருக்கும்போதே பிரதோன் போய் அவருடைய பலகைகளின் மேல் உட்கார்ந்துகொண்டது. நாற்பது கிலோ நாய். அவரால் ஓரடி எடுத்து வைக்க முடியவில்லை. நான் நிம்மதியாகப் புல்வெளியைத் திரும்பிப் பார்த்தேன்.

கடையின் புகைக்குழாயில் புகை வந்துகொண்டிருந்தது.

அவள் எட்டரைக்குத்தான் வருவாள். என்றைக்கும் எட்டரைதான். விடுமுறை முதல் நாள், கூட்டம் வரும் என்று பின்பக்கப் பாதை வழியாக முன்னாடியே வந்துவிட்டாள். காலையில் அவள் தூங்கிக்கொண்டிருந்ததாக நினைத்து, நான் எழுப்பிச் சொல்லாமல் வந்திருந்தேன். சொன்னால் 'அண்ணன்கிட்டயா கேட்டே?' என்று சந்தோஷப்படுவாளே, அதைப் பார்க்க வேண்டாம் என்றுதான் சொல்லவில்லை. என் பொறாமை அவளை அங்கே கொண்டுபோய் வைத்திருந்தது.

ஓடிக்கொண்டே போன் செய்தேன். "மச்சான், நிறுத்து! நிறுத்து! அவ உள்ள இருக்கா!"

"யாரு?"

"உன் தங்கச்சி!"

"பத்த வைக்கலை, பத்த வைக்கலை! இழுத்துக்கிட்டு வா அவளை!" ஊர்பானின் குரல் கிறீச்சிட்டது. அவன் அப்படிப் பேசி நான் கேட்டதே இல்லை.

தொடை வரை புதையும் பனியில் இருநூறடி. கதவைத் திறந்தபோது சொலாஞ்ச் மாவு கலக்கிக்கொண்டிருந்தாள்.

"வெளியே வா."

"என்ன ஆச்சு? பன்னண்டு லிட்டர் மாவு கரைச்சிருக்கேன்!"

"மேல உங்க அண்ணன் வெடியோட நிக்கறான். நான்தான் கேட்டேன்."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். மாவு வாளியின் ஒரு பக்கத்தை அவள் பிடித்தாள், இன்னொரு பக்கத்தை நான் பிடித்தேன். வாளியை விட்டுவிட்டு ஓடியிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. அப்போது தோன்றவில்லை. லியோன்காரர் நின்ற மேடு வரை வந்து, திரும்பி, போனில் "சரி" என்றேன்.

முகட்டில் ஒரு சின்னப் புகை. பிறகுதான் சத்தம். காகச் சரிவின் குறுக்கே ஒரு கோடு விழுந்தது, அவ்வளவு நீளக் கோட்டை நான் பார்த்ததில்லை. மலையின் மேல்துணி மொத்தமாக உருவிக்கொண்டு வந்தது. மூன்றாவது மரம், நாலாவது மரம், புல்வெளி, எல்லாவற்றையும் தாண்டிப் போய்க் கடையை எடுத்தது. கூரை தனியாகப் பறந்து ஓடையில் விழுந்தது. காற்று எங்கள் முகத்தில் பனித்தூளை அப்பியது. பிறகு அமைதி. லியோன்காரர் முகக்கவசத்தைக் கழற்றி, மறுபடி மாட்டி, மறுபடி கழற்றினார்.

சொலாஞ்ச் வாளியை விடாமல் நின்றாள்.

"அடுப்பை அணைச்சேனா?" என்று கேட்டாள்.

மூன்று நாள் கழித்துக் குழு நேரில் வந்தது. ஒரு வாரத்தில் அறிக்கையும் வந்தது. அதன் முடிவுரையை என்னால் மனப்பாடமாகச் சொல்ல முடியும்: 'சரிவு நிகழ்ந்த நேரத்தில் மேற்படி இடத்தில் எவரும் இல்லை. எவருக்கும் காயமில்லை. ஆகவே இது நடமாட்டமற்ற பகுதி என்ற வகைப்பாடு முற்றிலும் சரியானதென்று கள ஆய்வில் உறுதியாகிறது.' அந்த வகைப்பாட்டை அடுத்த வருஷத்துக்கும் நீட்டித்தார்கள்.

இதற்குள் ஸ்விஸ் பத்திரிகைக்காரன் ஒருவன் மோப்பம் பிடித்து, எல்லைக்கல்லில் நின்ற வீரனைப் பற்றிப் படத்தோடு எழுதிவிட்டான். பாரிஸில் ஓர் அமைச்சருக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. இரு நாட்டு நட்புக்கு ஒரு பதக்கம் கொடுக்கத் தானே வருவதாகச் சொன்னார். துமூலான் அன்று மாலையே உரோமக் காலர் வைத்த கோட்டு வாங்கினார் என்று தையல்காரி சொன்னாள்.

அவர் என் வீட்டுக்கே வந்தார். கையில் ஒரு தாள்.

"ஒரு சின்ன விஷயம், திரு. மெர்மூ. உங்க மச்சானை யாராவது கூப்பிட்டாங்களான்னு ஊர்ல பேச்சு அடிபடுது."

"நான்தான் கூப்பிட்டேன்."

"நான் அதைக் கேக்கலை" என்றார் அவசரமாக. "இருங்க, விளக்கறேன். நீங்க கூப்பிட்டிருந்தா, சும்மா இருக்கச் சம்பளம் வாங்கிக்கிட்டே வேலை பாத்தவர் ஆயிடுவீங்க. அது மோசடி. உங்க மச்சான் இன்னொரு நாட்டு ஆள் சொல்லி வெடிமருந்தை எல்லை தாண்டி இறக்கினவர் ஆயிடுவார். கேட்டு வந்தா அது கடத்தல். கேக்காம வந்தா அது நட்பு. அமைச்சர் நட்புக்குத்தான் பதக்கம் கொண்டுவர்றார்."

தாளில் இப்படி இருந்தது: 'கீழே கையொப்பமிடும் கஸ்பார் மெர்மூ ஆகிய நான், மேற்படி நாளில் எந்த வேலையும் செய்யவில்லை, எவரிடமும் எதையும் கேட்கவில்லை, நாயை வெளியே கூட்டிச்சென்றதைத் தவிர வேறொன்றும் அறியேன்.'

கையெழுத்துப் போட்டேன். அதைத் தவிர வேறு வழியில்லை. ஊர்பானை ஜெயிலுக்கு அனுப்பும் ஆசை எனக்கு இருபத்தொரு வருஷம் இருந்தது. அந்த ஒரு வருஷம்தான் இல்லாமல் போயிற்று.

விழாவில் ஆறு பேருக்குத்தான் அனுமதி. அமைச்சர், துமூலான், ஊர்பான், எங்கள் ஊர் மேயர், கொடி பிடிப்பவர், படம் எடுப்பவர். நான் ஏழாவது. பட்டை கட்டித் தடுத்த இடத்துக்கு வெளியே நாயோடு நின்றேன். சரிந்த பனிக்குவியலின் மேலேயே முந்நூறு பேர் வண்டியில் சறுக்கி விளையாடிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் கணக்கில் இல்லை.

"யாரும் கேட்காமல், எதையும் எதிர்பாராமல்" என்று அமைச்சர் பேசினார். பதக்கத்தை ஊர்பானின் மார்பில் குத்திவிட்டார். நீல நாடா, பொன்னிற வட்டம். ஏதாவது சொல்லுங்கள் என்று ஒலிவாங்கியை நீட்டினார்கள். ஊர்பான் வாயைத் திறந்தான், என்னைப் பார்த்தான். நான் தலையை ஆட்டி வேண்டாமென்றேன்.

"பனி கனமா இருந்துச்சு" என்றான்.

எல்லாரும் கை தட்டினார்கள். துமூலான் டிவியில் ஒன்பது நிமிடம் பேசினார். பக்கத்து மாவட்டத்துக்காரனைவிட இரண்டு நிமிடம் அதிகம். முந்நூறு பேர் என் கண் முன்னால் உயிரோடு கத்திக்கொண்டிருந்தார்கள். சொலாஞ்ச் உயிரோடு இருந்தாள். எனக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? அந்தப் பதக்கம் வேண்டும். அது அவனுக்கு அவ்வளவு பொருத்தமாக இருந்தது. அன்று எனக்கு வந்த பொறாமையை நினைத்தால் இப்போதும் காது சுடுகிறது.

அடுத்த வாரம் சொலாஞ்ச் புல்வெளியைவிட்டு வெகுதூரம் தள்ளி, பாலத்தருகே, ஒரு மேஜையும் கல்லும் போட்டுக் கடையைத் திறந்தாள். நான் மாவு வாளியைத் தூக்கிக்கொண்டு போனேன். அவள் மேலங்கியைக் கழற்றினாள். சமையலுக்குக் கட்டும் முன்துணியின் மேல், இடது பக்கம், நீல நாடா தொங்கியது.

"இது எப்படி உன்கிட்ட?"

"அண்ணன் குடுத்தான். உனக்குக் குடுக்கச் சொன்னான்."

"எனக்கு வேண்டாம்."

"நீ வேண்டாம்னுதான் சொல்லுவேன்னு தெரியும். அதான் நானே போட்டுக்கிட்டேன்." கல்லில் மாவை ஊற்றி வட்டமாக இழுத்தாள். என்னைப் பார்க்கவில்லை. "போன்ல அழுதியாமே?"

"சளி."

"சரி, சளி."

அன்றிலிருந்து தினமும் அதைப் போட்டுக்கொண்டுதான் நிற்கிறாள். வருகிறவர்கள் வரிசையில் நிற்கும்போது அதைப் பார்த்துவிட்டு, என்ன பதக்கம், எதற்குக் கொடுத்தார்கள் என்று கேட்கிறார்கள். அவள் க்ரேப்பைத் திருப்பிப் போட்டுக்கொண்டே, வாளி பக்கத்தில் நிற்கும் என்னைக் கரண்டியால் காட்டுகிறாள்.

"இதோ நிக்கறாரே, என் வீட்டுக்காரர். அன்னிக்கு இவரு ஒண்ணுமே செய்யலைன்னு அரசாங்கமே எழுதி வாங்கியிருக்கு. அதுக்குத்தான் இது."

சனங்கள் சிரிக்கிறார்கள். சிலர் மட்டும் சிரிக்காமல், அவளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, தொப்பியைக் கழற்றி அவளுக்கு வணக்கம் சொல்கிறார்கள். என் பலகையை அவிழ்த்த போலீஸ்காரர்கூட நேற்று சல்யூட் அடித்தார். எல்லா மரியாதையையும் அவளே வாங்கிக்கொள்கிறாள். பார்க்கப் பார்க்க எனக்கு அவள்மேல் பொறாமையாக இருக்கிறது.